வியாழக்கிழமைக் கேள்விக்காரர்

மேடையில் பேசுகிறவர்களைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். கீழே உட்கார்ந்து கேள்வி கேட்கிறவர்களைப் பற்றி ஒருவரும் எழுதுவதில்லை. அதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. "ஒரு சின்னக் கேள்வி" என்று எழுந்து, பேச வந்தவரையே தூக்கிச் சாப்பிடுகிற மாதிரி கால்மணி நேரம் பேசி, கடைசிவரை கேள்வி மட்டும் கேட்காமல் உட்கார்ந்துவிடும் மகானுபாவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அப்படிப்பட்டவர்களுக்கு அணை போடத்தான் நான் சொல்லப்போகிற மன்றத்தில் சீட்டு முறையைக் கொண்டுவந்தார்கள்.

பழைய கட்டடம் ஒன்றின் மூன்றாம் மாடியில் அரங்கம். வியாழன்தோறும் மாலை ஆறு மணிக்குப் பேச்சு. ஒரு வாரம் எரிமலை, அடுத்த வாரம் பழங்காலத்துச் சாக்கடை, அதற்கடுத்த வாரம் எறும்பு, அப்புறம் இலக்கணம். யார் வேண்டுமானாலும் வரலாம். வாசலில் ஒரு துண்டுத் தாளும் பாதிப் பென்சிலும் கொடுப்பார்கள். கேள்வி இருந்தால் எழுதலாம், பெயரை மட்டும் எழுதக்கூடாது. நாற்பதாவது நிமிடத்தில் கூடை ஒன்று வரிசை வரிசையாகப் போய் வரும். மேடையின் ஓரத்தில் சின்ன மேசை விளக்கின் கீழ் ஒரு பெண் உட்கார்ந்து அந்தச் சீட்டுகளைப் பிரிப்பாள், படிப்பாள், உப்புச்சப்பில்லாததை ஒதுக்குவாள், பேச்சு முடிந்ததும் ஆறேழு கேள்விகளை ஒலிபெருக்கியில் வாசிப்பாள். இருபத்தாறு வருடம் அந்த மேசையை அவள் விட்டுக்கொடுக்கவில்லை. மன்றத்தில் எல்லோருக்கும் அவள் கேள்விக்காரம்மா.

ஓய்வு பெற்று ஒன்பது வருடம் கழித்து, ஒரு காலையில் மன்றத்தின் செயலர் தொலைபேசியில் அழைத்தாள். செயலர் நாற்பது வயதுப் பெண், மூச்சு விடாமல் பேசுவாள்.

"அக்கா, மன்றத்துக்கு நாப்பது வருஷம் ஆகுது. ஒரு நாள் முழுக்கக் கருத்தரங்கம். வானியல்காரர், மண் ஆய்வாளர், வரலாற்றுக்காரர், அகராதிக்காரம்மா, நாலு பேரும் ஒரே மேடையில. இப்பல்லாம் கேள்விய போன்ல அனுப்புறாங்க, திரையில வந்துடும். ஆனா கடைசி அமர்வு மட்டும் பழைய மாதிரி சீட்டு வச்சு நடத்தலாம்னு ஆசை. நீங்கதான் வந்து வாசிக்கணும்."

"வரேன்மா. ஆனா எனக்கு ஒரு நாற்காலி வேணும், முன்வரிசையில."

"நீங்க மேடையில உக்காரப் போறீங்கக்கா. முன்வரிசையில எதுக்கு?"

"எனக்கில்ல. அச்செழுத்துக்காரருக்கு."

செயலர் மூச்சு விட்டுக்கொண்டாள். அவளுக்கு அதுவே பெரிய விஷயம். "அவர் யாருன்னே தெரியாதேக்கா."

"கண்டுபிடிக்கணும். அதுக்குத்தான் இன்னும் மூணு வாரம் இருக்கே."

அச்செழுத்துக்காரர் யார் என்று சொல்லிவிடுகிறேன். கேள்விக்காரம்மா வேலைக்குச் சேர்ந்த முதல் வருடத்தின் கடைசியில், ஒருநாள் கூடையில் ஒரு சீட்டு வந்தது. அச்சுக் கோத்த மாதிரி எழுத்து. ஒவ்வொரு எழுத்தும் தனியாக, ஒரே உயரத்தில், கண்ணுக்குத் தெரியாத கட்டத்துக்குள் உட்கார்ந்திருந்தது. அன்று பேசியவர் மண் ஆய்வாளர். பூமியைத் தோண்டத் தோண்ட வரும் அடுக்குகளைப் பற்றி ஒரு மணி நேரம் மூச்சுத் திணறப் பேசியிருந்தார். சீட்டில் இருந்தது இவ்வளவுதான்: 'நீங்கள் தோண்டிய குழியைப் பிறகு யார் மூடினார்கள்? அடுக்கு மாறாமல் மூட முடியுமா?'

மண் ஆய்வாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பத்து வருடமாகத் தோண்டுகிறாராம், ஒருவரும் இதைக் கேட்டதில்லையாம். பிறகு அந்தக் குழிகளைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை. அன்றைய பேச்சில் உருப்படியான பகுதி அதுதான் என்று எல்லோரும் சொல்லிக்கொண்டே படி இறங்கினார்கள்.

அதற்குப் பிறகு அந்தக் கையெழுத்து வந்துகொண்டே இருந்தது. பழங்கால நகரத்தின் மாளிகைகளை வரலாற்றுக்காரர் திரையில் அடுக்கியபோது, 'கழிவுநீர் அடைத்துக்கொண்டால் யாரைக் கூப்பிட்டார்கள்? அவர் வீடு எங்கே இருந்தது?' என்று கேட்டது. இருபதாயிரம் சொற்களைத் தொகுத்த அகராதிக்காரம்மாவை, 'தவறான சொல் ஒன்று ஏறிவிட்டால் அதை இறக்குவது யார் பொறுப்பு? எத்தனை நாள் ஆகும்?' என்று மடக்கியது. அகராதிக்காரம்மா சிரித்துவிட்டு, அப்படி ஏறி உட்கார்ந்துகொண்ட ஒரு சொல்லின் கதையைச் சொன்னாள். அரங்கமே வயிற்றைப் பிடித்துக்கொண்டது.

கேள்விக்காரம்மாவுக்கு அந்த ஆள் மேல் ஒரு பித்து என்றே சொல்லலாம். கூடை வந்ததும் முதலில் அந்த எழுத்தைத்தான் தேடுவாள். கிடைத்தால் மனசு குளிர்ந்துவிடும், கிடைக்காத வாரம் முகம் விழுந்துவிடும். மற்றச் சீட்டுகள் அன்றன்றைக்கே குப்பைக்குப் போகும். இவருடையதை மட்டும் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்து, ஒரு கோப்பில் தேதி போட்டு வைத்தாள். முந்நூற்று நாற்பத்திரண்டு சீட்டு சேர்ந்திருந்தது.

ஆள் யார் என்று கண்டுபிடிக்க அவள் படாத பாடு பட்டாள். இரண்டாம் வரிசையில் கறுப்புக் குடையோடு வரும் உயரமான மனிதர்தான் என்று ஒன்பது வருடம் உறுதியாக நம்பி, ஒவ்வொரு வியாழனும் அவரைப் பார்த்துச் சிரித்து வைத்தாள். கடைசியில் ஒருநாள் துணிந்து கேட்டபோது அந்த மனிதர் திருதிருவென்று விழித்தார். அவர் வந்தது குளிர்சாதனக் காற்றுக்கும் இடைவேளைத் தேநீருக்கும். கேள்வி கேட்கிற அளவுக்கு எந்தப் பேச்சையும் அவர் காதில் வாங்கியதே இல்லையாம்.

இதையெல்லாம் அவள் யாரிடம் சொல்வாள்? வீட்டுக்காரரிடம்தான்.

அவளுடைய வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் இருபது கட்டடங்களின் லிஃப்டுகள் அவர் பொறுப்பு, மன்றம் இருந்த கட்டடமும் அதில் ஒன்று. வியாழக்கிழமைகளில் வேலை முடிந்ததும் அரங்கத்தின் கடைசி வரிசையில் தூணோரமாக வந்து உட்கார்வார், கூட்டம் முடிந்ததும் மனைவியை ஸ்கூட்டரில் கூட்டிப்போக. உட்கார்ந்த முக்கால்மணியில் தலை தொங்கிவிடும். விடியற்காலை ஐந்துக்கு எழுகிற மனிதர், வேறென்ன செய்வார்? ஆனால் மன்றத்தில் அது பெரிய கேலி. "கேள்விக்காரம்மா வீட்டுக்காரர் இன்னிக்கு எத்தனையாவது நிமிஷம் சாய்ஞ்சாரு?" என்று பேசிக்கொள்வார்கள். அவளுக்குக் காது கூசும்.

வழியெல்லாம் அவர் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து அவள் பொரிந்து தள்ளுவாள்.

"ஏங்க, இன்னிக்கு அந்த அச்செழுத்துக்காரர் என்ன கேட்டாரு தெரியுமா?"

"சொல்லு."

சொல்வாள்.

"பதில் என்ன சொன்னாங்க?"

அதையும் சொல்வாள், ஒரு வரி விடாமல். சிக்னலில் வண்டி நின்றால் அவர் பாதித் தலை திருப்பி, "அப்ப அதுக்கு முன்னாடி எப்படிப் பண்ணாங்களாம்?" என்பார். அதற்கும் விளக்கம் சொல்வாள். தூங்குமூஞ்சிக்கு நாலு விஷயம் தெரியட்டும் என்று அவளுக்கு ஒரு பெருந்தன்மை. சில நாள் வாய் சும்மா இருக்காது. "நீங்களும்தான் வர்றீங்க. அவரும்தான் வர்றாரு. அங்கேயே உக்காந்து எப்படிக் கேக்குறாரு பாருங்க" என்று ஒரு குத்து குத்திவிடுவாள். அவர் "ம்" என்பார். வண்டி கிளம்பிவிடும்.

அவர் கேள்வியே எழுதாதவர் அல்ல. ஒரே ஒருமுறை எழுதினார். அவள் சேர்ந்த புதிதில், மூன்றாவதோ நாலாவதோ வியாழன். வானியல்காரர் அப்போது இளைஞர். மலைமேல் புதிதாக நிறுவிய பெரிய தொலைநோக்கியின் படத்தைத் திரையில் காட்டி, நட்சத்திரங்கள் பிறப்பதையும் சாவதையும் பேசினார். கூடையில் ஒரு சீட்டு, கோழி கிளறின மாதிரி எழுத்தில். மளிகைப் பட்டியலில் பார்த்துப் பழகிய கிறுக்கல், பார்த்த உடனே தெரிந்துவிட்டது. வீட்டு ஆள் கேள்வியை வாசித்தால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள் என்று அவளுக்குப் பயம். அதைவிட, இருபத்தைந்து டன் கருவியின் எடையைப் பற்றிய கேள்வி அது. படித்தவர்கள் நடுவில் அதை வாசிக்க அவளுக்குக் கூச்சமாக இருந்தது. மடித்துப் பையில் போட்டுக்கொண்டாள்.

வீட்டுக்குப் போய் அதை அவர் முன்னால் வைத்தாள். "அவர் நட்சத்திரத்தப் பத்திப் பேசுறாரு, நீங்க எடையப் பத்திக் கேக்குறீங்க. அது என்ன எடைக்கல்லு கடையா? என் மானம்தான் போகுது. இனிமே எழுதாதீங்க."

அவர் சீட்டை எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "சரி" என்றார்.

மறுவாரமே அவள் விதிப் பலகையில் ஒரு வரி சேர்த்தாள்: 'வாசிப்பவரின் குடும்பத்தினர் எழுதும் கேள்விகள் வாசிக்கப்படமாட்டா.' நேர்மையான பெண் என்று அப்போதைய தலைவர் பாராட்டினார். அவளும் கொஞ்சம் தலைநிமிர்ந்துதான் நடந்தாள்.

அவர் போய் மூன்று வருடம் ஆகிறது. மாரடைப்பு. பகல் நேரம், வேலை செய்துகொண்டிருந்த கட்டடத்தில் வைத்து. ஓய்வு பெற்ற பிறகும் யாராவது கூப்பிட்டால் கருவிப்பையைத் தூக்கிக்கொண்டு போகிற ஆள். அவள் ஓய்வு பெற்றதிலிருந்தே இருவரும் மன்றத்துக்குப் போவதை விட்டிருந்தார்கள். வியாழக்கிழமை மாலைகளில் மட்டும் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து கோப்பைப் பிரித்துப் படிப்பாள். ஆறு மணிக்கு அரங்கத்தின் விளக்குகள் ஒவ்வொன்றாக மங்கும் அந்தக் கணம், கூடையில் தாள் உரசும் சத்தம், பென்சில் வாசனை, ஸ்கூட்டரில் முகத்தில் அடிக்கும் காற்று, எல்லாம் சேர்ந்து திரும்பி வரும். அந்த மனிதர் எங்கேயாவது உயிரோடு இருந்தால், சாவதற்குள் ஒருமுறை நேருக்கு நேர் நின்று, 'உங்களால்தான் அந்த வேலை எனக்கு வேலை மாதிரி இல்லாமல் இருந்தது' என்று சொல்லிவிட வேண்டும். அவளுக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

ஆகவே ஒரு சீட்டைப் படமெடுத்துப் பெரிதாக்கி, 'இந்தக் கையெழுத்து யாருடையது? தெரிந்தவர் மன்றத்தில் சொல்லவும்' என்று அச்சடித்து, கட்டடமெங்கும் ஒட்டச் சொன்னாள். செயலரும் ஒட்டினாள். அறிவிப்புப் பலகையில் ஒன்று, தேநீர் மேசைக்கு மேல் ஒன்று, லிஃப்டுக்குள் ஒன்று.

இரண்டு வாரம் ஒரு ஈ காக்கை வரவில்லை. வந்த ஒன்றிரண்டு பேரும் புகழுக்கு அலைகிறவர்கள். ஒருவர் தாமே அந்தக் கேள்விகளைக் கேட்டதாகச் சாதித்தார். எழுதிக் காட்டச் சொன்னதும் கண்ணாடியை மறந்துவிட்டு வந்ததாகச் சொல்லி நழுவிவிட்டார்.

கருத்தரங்கத்துக்கு நாலு நாள் இருக்கும்போது, மேசை நாற்காலி ஏற்பாடுகளைப் பார்க்கக் கேள்விக்காரம்மா மன்றத்துக்குப் போனாள். காலை பதினொரு மணி. லிஃப்ட் கதவு திறந்தபோது உள்ளே ஒரு ஆள் சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தான். நீலச் சட்டை, இடுப்பில் கருவிப்பை. ஐம்பது வயதிருக்கும். அவள் வீட்டுக்காரரிடம் வேலை கற்று, அவரோடு பதினெட்டு வருடம் சுற்றியவன். ஸ்பேனர் என்று அவர்தான் அவனுக்குப் பட்டப்பெயர் வைத்திருந்தார்.

"வாங்கண்ணி" என்றவன், சுவரில் ஒட்டியிருந்த தாளைக் காட்டினான். "இத யாரு ஒட்டுனது?"

"நான்தாம்பா ஒட்டச் சொன்னேன். உனக்குத் தெரியுமா அது யார் எழுத்துன்னு?"

அவள் கேலி செய்கிறாளோ என்று ஸ்பேனர் பார்த்தான். அவள் முகத்தில் அப்படி ஒன்றும் இல்லை.

"என்னண்ணி கேக்குறீங்க? நம்ம அண்ணன் எழுத்தாச்சே."

"எந்த அண்ணன்?"

"எந்த அண்ணனா? உங்க வீட்டுக்காரர்தான்."

அவள் சிரித்துவிட்டாள். "போடா. அவர் எழுத்து எனக்குத் தெரியாதா? கோழி கிளறின மாதிரி இருக்கும்."

"அது வீட்டு எழுத்தா இருக்கும். இது வேலை எழுத்து. பதிவேட்டுல இப்படித்தான் எழுதணும்னு கம்பெனி விதி. ஒரு ஆள் எழுதுறத அடுத்த ஆள் தப்பாப் படிச்சா உயிர் போயிடும்ல? அதனால கட்டம் கட்டமா, பிரிச்சுப் பிரிச்சு. அண்ணன் எழுதினா அச்சுதான்." அவன் கொஞ்சம் தயங்கினான். "மேல வர்றீங்களாண்ணி? காட்டுறேன்."

லிஃப்ட் நாலாம் மாடிவரைதான். அதற்கு மேல் இருபது படி, மொட்டைமாடி, அதன் மூலையில் ஒரு இரும்புக் கதவு. அந்த வழியாக அவள் ஒருநாளும் ஏறியதில்லை. இருபத்தாறு வருடத்தில் இரண்டு மூன்று முறையாவது அவர் கூப்பிட்டிருப்பார். "ஒருநாள் மேல வந்து பாரேன், நல்லாயிருக்கும்." அவள் சொன்ன பதில் வார்த்தை மாறாமல் இப்போது ஞாபகம் வந்தது. "லிஃப்ட்ல ஏறுறோம், இறங்குறோம். இதுல பார்க்க என்ன இருக்கு?"

உள்ளே கிரீஸ் வாசனை. அவர் சட்டையில் வீட்டுக்கு வந்த அதே வாசனை. நடுவில் மோட்டார், பக்கத்தில் ஒரு பெரிய சக்கரம், சக்கரத்தின் மேல் ஏறி இறங்கும் கம்பிக் கயிறுகள். கீழே யாரோ பொத்தானை அழுத்தியிருக்க வேண்டும், சக்கரம் சுழன்றது. அவள் பயந்து ஒரு அடி பின்வாங்கினாள்.

"ஒண்ணும் ஆகாதுண்ணி. பாருங்க, இந்தப் பக்கக் கயித்துல நாம நிக்கிற பெட்டி. அந்தப் பக்கக் கயித்துல எதிர் எடை. பெட்டி மேல வந்தா அது கீழ போகும். அது இருக்கறதாலதான் இத்தனூண்டு மோட்டார் இத்தனை பேரத் தூக்குது. யாரும் பார்த்திருக்க மாட்டாங்க, சுவத்துக்குள்ளயே போய் வரும்."

ஸ்பேனர் அலமாரியிலிருந்து தடித்த பழைய பதிவேடுகளை இறக்கினான். கம்பெனி மாறியபோது தூக்கிப் போடச் சொன்னார்களாம், அவனுக்குத்தான் மனசு வரவில்லை. அவள் முதல் பதிவேட்டைத் திறந்தாள்.

தேதி. கயிறு சரி. பிரேக் சரி. மூன்றாம் மாடிக் கதவு உருளை மாற்றப்பட்டது. அச்சு மாதிரி. முந்நூற்று நாற்பத்திரண்டு சீட்டில் பார்த்த அதே எழுத்து.

ஒவ்வொரு வியாழனும் 'குறிப்பு' என்ற கட்டத்தில் பென்சிலில் வேறு ஏதோ எழுதியிருந்தது. அன்று யார் பேச்சு என்று ஒரு வரி. அதற்குக் கீழே அவர் கேட்க நினைத்தது, அடித்து, திருத்தி, மறுபடி எழுதியது. 'தொலைநோக்கிக் கண்ணாடியை யார் துடைப்பார்' என்பதை நாலு விதமாக எழுதிப் பார்த்திருந்தார். அவள் மைக்கில் வாசித்தது ஐந்தாவது.

"வியாழக்கிழமை மட்டும் நாலு மணிக்கே இங்க வந்துருவாரு" என்றான் ஸ்பேனர். "இந்தக் கட்டடத்த வேற யாருக்கும் விட்டதே இல்ல, கேட்டு வாங்கினது. லிஃப்டப் பார்த்துட்டு, கீழ மாட்டியிருக்கற பேச்சாளர் விவரத்தப் படிச்சுட்டு வந்து, இங்க உக்காந்து யோசிப்பாரு. அப்புறம் கீழ போய்க் கேட்டுட்டு, சரியா இருந்தா எழுதிப் போடுவாரு."

"தூங்கிடுவாரே."

"கூடையில போட்டப்புறம் நிம்மதியாத் தூங்கிடுவேன்னு சொல்லுவாரு. பதில் எப்படியும் வண்டியில வந்துரும்னு. மறுநாள் காலையில எங்களுக்கு எல்லாம் சொல்லுவாரு. 'எங்க வீட்டம்மா இப்படிச் சொன்னா'ன்னுதான் ஆரம்பிப்பாரு. நாங்க கூடக் கேட்டோம்ணி, ஏண்ணே வீட்டுல சொல்லிட வேண்டியதுதானேன்னு. சொன்னா வாசிக்க மாட்டா, அவளே போட்ட விதி அதுன்னாரு." ஸ்பேனர் மூக்கை உறிஞ்சிக்கொண்டான். "இன்னொண்ணும் சொல்லுவாரு. 'என் கேள்விய அவ வாசிக்கறப்ப, என்னமோ பெரிய மனுஷன் கேட்ட மாதிரி இருக்குதுடா'ன்னு."

அவள் அங்கே கிடந்த மரப்பெட்டியின் மேல் உட்கார்ந்தாள். அது அவர் உட்காரும் பெட்டியாகத்தான் இருக்க வேண்டும், மேலே கோணிச் சாக்கு ஒன்று மடித்துப் போட்டிருந்தது. எரிமலைக்காரன் வேலையைக் கேட்டாள், எறும்புக்காரன் வேலையைக் கேட்டாள், ஊரில் உள்ளவன் வேலையையெல்லாம் வாரம் தவறாமல் காது கொடுத்துக் கேட்டாள். கட்டின மனிதன் என்ன வேலை செய்கிறான் என்று ஏறிவந்து ஒருநாள் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் முதல் பக்கத்திலேயே தெரிந்திருக்கும். அவர் ஒளித்து வைக்கவே இல்லை. அவள் அழுதாள், சத்தமாகவே அழுதாள். சக்கரம் ஒருமுறை சுழன்று நின்றது.

புறப்படும்போதுதான் முதல் பதிவேட்டின் உள்ளட்டையைப் பார்த்தாள். அங்கே ஒரு துண்டுத்தாள் ஒட்டியிருந்தது. கோழி கிளறின எழுத்து.

கருத்தரங்கம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்தது. காலையிலிருந்து பேச்சு. நட்சத்திரமும் மண்ணும் பழைய நகரமும் பழைய சொல்லும் ஒரே மேடையில் மோதிக்கொண்டன. பிற்பகல் மூன்று மணிக்குக் கடைசி அமர்வு. முன்வரிசை நடு நாற்காலியில், சலவைச் சட்டை போட்டு, கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் ஸ்பேனர் உட்கார்ந்திருந்தான். "நான் எப்படிண்ணி அங்க உக்கார்றது?" என்று எவ்வளவோ மறுத்துப் பார்த்தான். "உங்கண்ணன் நாற்காலி. காலியாப் போட எனக்கு மனசில்ல, நீ உக்காரு" என்று அதட்டி உட்கார வைத்திருந்தாள்.

அவள் தன் பழைய மேசையில் இருந்தாள். விளக்கும் அதேதான். கூடை வந்தது. ஐந்து சீட்டுகளைப் பொறுக்கி வாசித்தாள், குரல் பிசகவில்லை. பிறகு கைப்பையைத் திறந்து ஆறாவது சீட்டை எடுத்தாள். அது கூடையில் வந்ததல்ல என்பதை எல்லோரும் பார்த்தார்கள்.

"இந்த மன்றத்துல ஒரு விதி இருக்கு. வாசிக்கிறவங்க வீட்டு ஆளுங்க கேள்விய வாசிக்கக் கூடாது. அத எழுதினவ நான்தான். இன்னிக்கு நானே அத மீறப்போறேன், மன்னிக்கணும்" என்றாள். "இது முப்பத்தஞ்சு வருஷத்துக்கு முன்னாடி வந்த கேள்வி. வானியல் ஐயா முதல்முதலா இங்க வந்து பேசின அன்னிக்கு எழுதினது. எழுதினவர் லிஃப்ட் மெக்கானிக். என் வீட்டுக்காரர். இத வாசிக்க அன்னிக்கு எனக்கு வெக்கமா இருந்துச்சு. நீங்க எல்லாம் அச்செழுத்துக்காரர்னு சொல்லுவீங்களே, அவரும் இவர்தான். அது எனக்குத் தெரிஞ்சு நாலு நாள்தான் ஆகுது."

யாரோ பின்வரிசையில் "ஐயோ" என்றார்கள். அவள் சீட்டை விளக்குக்குக் கீழே பிடித்தாள்.

"'இருபத்தைந்து டன் தொலைநோக்கியை ஒரு ஆள் கையால் திருப்பலாம் என்றீர்கள். அப்படியென்றால் எதிர் எடை இருக்க வேண்டும். படத்தில் காணவில்லையே. எங்கே வைத்திருக்கிறீர்கள்?'"

வானியல்காரருக்கு இப்போது எழுபது வயது. எழுந்து ஒலிபெருக்கியின் அருகே வந்தார்.

"இருக்கும்மா" என்றார். "இருக்கு. நம்ம கருவியிலேயே முக்கியமான பாகம் அதுதான். அது இல்லேன்னா ஒரு அங்குலம் நகராது." தாடையைத் தடவிக்கொண்டார். "அந்தப் படத்துலயும் இருந்துச்சு. கறுப்பா, பெரிய இரும்புக் கட்டி. பார்க்க நல்லா இல்லன்னு நான்தான் வெட்டிட்டேன். இத்தனை வருஷமா எத்தனையோ நாட்டுல அந்தப் படத்தக் காட்டியிருக்கேன். அது எங்கேன்னு ஒருத்தர்கூடக் கேட்டதில்ல. அவர் எங்கம்மா உக்காந்திருந்தாரு அன்னிக்கு?"

"கடைசி வரிசை. தூணோரம்" என்றாள் அவள்.

வானியல்காரர் அந்தத் தூணைப் பார்த்து, கைகூப்பினார். கைதட்டல் எப்போது தொடங்கியது என்று யாருக்கும் தெரியவில்லை. முன்வரிசையில் ஸ்பேனர் தலை குனிந்து இருந்தான். கேள்விக்காரம்மா சீட்டுகளை அடுக்கி, மேசை விளக்கை அணைத்தாள்.

வந்தவர்கள் எல்லோரும் அவளிடம் பேச ஆசைப்பட்டார்கள். தேநீர் குடித்துவிட்டுப் போகலாம் என்று செயலர் கையைப் பிடித்தாள். அவள் தலைவலி என்று சொல்லிவிட்டு நழுவினாள். ஸ்கூட்டரில் வீடு போய்ச் சேர்வதற்குள் எல்லாவற்றையும் சொல்லி முடிக்கிற பழக்கம் அவளுக்கு. ஸ்கூட்டரை விற்று இரண்டு வருடமாகிவிட்டது.

லிஃப்டுக்குள் அவள் மட்டும்தான். கதவு மூடியது. பெட்டி மெல்ல இறங்கத் தொடங்கியது. எதிர்ச் சுவருக்குப் பின்னால் ஏதோ ஒன்று சத்தமில்லாமல் மேலே ஏறிப்போவது இப்போது அவளுக்குத் தெரியும். அவள் அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள்.

"ஏங்க" என்றாள். "இருக்காம். அவர்தான் படத்துல வெட்டிட்டாராம்."